ரொறன்ரோவில் மூத்தோருக்கான மானிய வாடகை வீடு: விண்ணப்பத்திலிருந்து சாவி வரை

எங்கள் ஆட்கள் 'சீனியர் அப்பார்ட்மென்ற்' என்று சொல்வது பெரும்பாலும் ஆர்ஜிஐ, அதாவது வருமானத்துக்கேற்ற வாடகை வீட்டைத்தான். அதில் வாடகையைச் சந்தை தீர்மானிப்பதில்லை, உங்கள் வருமானம் தீர்மானிக்கிறது. ரொறன்ரோவில் இப்படிப்பட்ட வீடுகளில் பெரும் பகுதி ரொறன்ரோ சீனியர்ஸ் ஹவுசிங் கோர்ப்பரேஷன் என்ற நகர நிறுவனத்திடம் இருக்கிறது. 2022 ஜூன் 1இல் இது ரொறன்ரோ கொம்யூனிட்டி ஹவுசிங்கிலிருந்து பிரிந்தது. 83 கட்டடங்களும் சுமார் 15,000 குடியிருப்பாளர்களும் இதன்கீழ் வந்தார்கள். இது தவிர, தேவாலயங்களும் சமூக அமைப்புகளும் நடத்தும் இலாபநோக்கற்ற கட்டடங்களும் கூட்டுறவு வீடுகளும் உண்டு. அவற்றிலுள்ள மானிய வீடுகளுக்கும் பொதுவாக நகரத்தின் அதே ஒற்றைப் பட்டியலிலிருந்துதான் ஆளெடுப்பார்கள். ஒவ்வொரு கட்டடமாக ஏறி இறங்கிப் படிவம் கேட்பதில் பயனில்லை.

இது முதியோர் இல்லம் அல்ல. இங்கே நீங்கள் தனியே சமைத்து, தனியே குளித்து, தனியே (அல்லது வீட்டுக்கு வரும் உதவியாளரின் துணையோடு) வாழ வேண்டும். 24 மணிநேரப் பராமரிப்பு தேவைப்படுபவர் போக வேண்டியது லோங் ரேர்ம் கெயார். அதற்கான விண்ணப்பம் ஒன்ராறியோ ஹெல்த் அட் ஹோம் வழியாகப் போகும். 'ரிட்டயர்மென்ற் ஹோம்' என்பது காசு கட்டித் தங்கும் தனியார் இடம். இந்த மூன்றையும் குழப்பிக்கொண்டு தவறான வரிசையில் வருடக்கணக்கில் நிற்பவர்கள் உண்டு.

யார் விண்ணப்பிக்கலாம்

வீட்டில் குடியேறப்போகும் ஒவ்வொருவரும் கனடியக் குடியுரிமை, பிஆர் (நிரந்தர வதிவிடம்), பிஆருக்கான விண்ணப்பம், அகதிக் கோரிக்கை, அகதிப் பாதுகாப்பு ஆகியவற்றில் ஒன்றை வைத்திருக்க வேண்டும். சூப்பர் விசாவில் வந்து ஐந்து வருடம் தங்கலாம். ஆனாலும் அது வருகையாளர் நிலைதான், இந்தப் பட்டியலில் சேர முடியாது. ஒன்ராறியோவில் எந்த சமூக வீட்டுக்காவது வாடகைப் பாக்கி இருந்தால், அதைக் கட்டித் தீர்க்க வேண்டும். இல்லாவிட்டால் தவணை ஒப்பந்தமாவது செய்திருக்க வேண்டும்.

வயது விஷயத்தில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. சீனியர்ஸ் கோர்ப்பரேஷனின் கட்டடங்களுக்கு 59 வயது போதும். வேறு சில கட்டடங்கள் அதைவிடக் கூடிய வயது கேட்கும். ஆனால் பொதுப் பட்டியலில் பெயர் பதிய 16 வயதே போதும். வரிசையில் உங்கள் இடத்தைத் தீர்மானிப்பது பெரும்பாலும் விண்ணப்பத் திகதிதான். ஆகவே 52, 53 வயதில் குறைந்த வருமானத்தில் இருப்பவர், 59 ஆகட்டும் என்று காத்திருக்காமல் இப்போதே பதிய வேண்டும். ஒரு படுக்கையறை வீட்டுக்குப் பத்து வருடத்துக்கு மேல் காத்திருப்பது இந்த நகரத்தில் சாதாரணம். ஸ்டூடியோ அதைவிடச் சீக்கிரம் வரும்.

ஸ்பொன்சரில் வந்த பெற்றோரும் பிஆர் என்பதால் விண்ணப்பிக்கலாம். ஆனால் 2014க்குப் பிறகு போட்ட பெற்றோர் ஸ்பொன்சர் ஒப்பந்தங்கள் 20 வருடம் நீளும். அந்த ஒப்பந்தத்தின்படி பிள்ளையிடமிருந்து கிடைக்க வேண்டிய ஆதரவைக் கேட்டுப் பெறச் சொல்லும் உரிமை நகரத்தின் வீட்டுப் பிரிவுக்கு இருக்கிறது. கிடைக்கக்கூடிய ஓஏஎஸ் (முதியோர் ஓய்வூதியம்), ஜிஐஎஸ் (குறைந்த வருமானமுள்ள மூத்தோருக்கான மேலதிகத் தொகை) போன்றவற்றுக்கு விண்ணப்பிக்கவும் அவர்கள் சொல்லலாம். ஓஏஎஸ் எடுக்க 18 வயதுக்குப் பின் குறைந்தது பத்து வருடம் கனடாவில் வாழ்ந்திருக்க வேண்டும். முழுத் தொகைக்கு நாற்பது வருடம். இடையில் வந்தவர்களுக்கு, இங்கே வாழ்ந்த ஒவ்வொரு வருடத்துக்கும் முழுத் தொகையின் நாற்பதில் ஒரு பங்கு கிடைக்கும்.

ஊர் வீடு, காணி

கூடுதலானோர் மறைப்பதும் பிறகு மாட்டுப்படுவதும் இங்கேதான். விதி, ஒன்ராறியோவுக்கு உள்ளே மட்டுமல்ல வெளியே உள்ள வீட்டையும் பார்க்கிறது. வருடம் முழுவதும் குடியிருக்கத்தக்க வீட்டில் உங்களுக்குச் சட்டப்படியோ பயன்படியோ உரிமை இருந்தால், மானிய வீடு கிடைத்த பிறகு 180 நாட்களுக்குள் அதைக் கைவிடச் சம்மதிக்க வேண்டும். கொக்குவிலில் தாய்வழிச் சீதனமாக வந்த வீடும், திருச்சியில் வாங்கிப் போட்ட ஃபிளாட்டும் இதில் அடங்கும். உறுதியில் உங்கள் பெயர் இல்லாமல், அதன் வாடகை மட்டும் உங்களுக்கு வந்தாலும் கேள்வி எழும்.

சகோதரங்களோடு பிரிக்காத பங்கு, வழக்கில் கிடக்கும் வீடு, கூரையில்லாத சுவர் என்று எங்கள் ஊர்ச் சொத்துகளின் நிலை பலவிதம். அவற்றை ஒளிக்க வேண்டாம். உறுதியின் பிரதியையும் அதன் ஆங்கில மொழிபெயர்ப்பையும் வைத்து, நிலைமையை ஒரு பக்கத்தில் எழுதிக் கொடுங்கள். பயன்படுத்த முடியாத வீடு வேறு, விற்கக் காலம் தேவைப்படும் வீடு வேறு. இரண்டையும் எழுத்தில் கேட்டால் பதில் கிடைக்கும். இந்தியாவில் அல்லது இலங்கையில் இருப்பது இங்கே எப்படித் தெரியவரும் என்ற கணக்கு ஆபத்தானது. வெளிநாட்டு வாடகை வருமானம் வரிக் கணக்கில் காட்ட வேண்டியது, வங்கிக்கு வரும் பணமும் தடம் விடும். பின்னால் தெரியவந்தால் மானியத்தைத் திருப்பிக் கட்டச் சொல்வார்கள்.

சேமிப்புக்கும் வரம்பு உண்டு. அதை ஒவ்வொரு நகரமும் தானே வைக்கிறது, ஆனால் 50,000 டொலருக்குக் கீழே வைக்க மாகாணம் விடுவதில்லை. பிள்ளையின் வங்கிக் கணக்கில் வசதிக்காக உங்கள் பெயரையும் சேர்த்திருந்தால், அந்தப் பணம் உங்களுடையதாகத் தோன்றும். விண்ணப்பிக்கும் முன்பே அதைச் சரிசெய்யுங்கள்.

பத்திரங்கள்

விண்ணப்பம் நகரத்தின் 'மைஅக்செஸ் டு ஹவுசிங் ரிஓ' இணையத்தளத்தில். கட்டணம் ஒரு சதமும் இல்லை. 'உள்ளே ஆள் இருக்கு, பட்டியலில் மேலே தூக்கி விடுறன்' என்று காசு கேட்பவருக்கு அந்தச் சக்தி இல்லை. கணினி வராதவர் 211க்கு அழைத்தால் அருகிலுள்ள உதவி அமைப்பைச் சொல்வார்கள். தமிழில் பேச வேண்டும் என்று முதலிலேயே கேளுங்கள்.

கையில் எடுத்து வைக்க வேண்டியவை: பிஆர் கார்ட் அல்லது குடியுரிமைச் சான்று, கனடாவில் முதல் தரையிறங்கியபோது தந்த குடிவரவுப் பத்திரம், பிறந்த திகதியைக் காட்டும் அடையாள அட்டை, ஒவ்வொருவரின் அண்மைய நோட்டிஸ் ஒவ் அசெஸ்மென்ற் (வரித் தாக்கலுக்குப் பின் வரும் மதிப்பீட்டுக் கடிதம்), வங்கி அறிக்கைகள், இப்போதைய வாடகைச் சான்று. மணமுறிவோ துணைவரின் மரணமோ இருந்தால் அதற்கான பத்திரமும்.

எங்கள் ஆட்களின் கோப்புகள் தடுமாறுவது பெயரில்தான். கந்தையா சிவலிங்கம் என்பவருக்கு பாஸ்போட்டில் குடும்பப்பெயர் கந்தையா, ஹெல்த் கார்ட்டில் சிவலிங்கம், வரிக் கணக்கில் இரண்டும் சேர்ந்து ஒரே சொல். கணினிக்கு இவர்கள் மூன்று ஆட்கள். எந்தப் பெயர் பிஆர் கார்ட்டில் இருக்கிறதோ, அதே எழுத்துக்கூட்டலில் விண்ணப்பத்தைப் போடுங்கள். மற்றப் பெயர்களைக் குறிப்பாகத் தாருங்கள். வரி நிறுவனமான சிஆர்ஏயில் உள்ள பெயரையும் முடிந்தால் திருத்தி வையுங்கள்.

அடுத்த தவறு, குடும்பத்தில் யார் யாரைச் சேர்ப்பது என்பதில். மகளுடைய வீட்டில் இப்போது இருக்கிறீர்கள் என்பதற்காக மகளையும் மருமகனையும் பேரப்பிள்ளைகளையும் படிவத்தில் எழுதக் கூடாது. உங்களோடு புதிய வீட்டுக்கு வருபவர்கள் மட்டுமே உங்கள் குடும்பம். மற்றவர்களை எழுதிவிட்டால் அவர்களின் சம்பளமும் சேரும், நான்கு படுக்கையறை வரிசைக்கும் போய்விடுவீர்கள்.

முன்னுரிமை

பெரும்பாலானோர் திகதி வரிசையில்தான் நகர்வார்கள். இரண்டு வழிகள் மட்டும் குறிப்பிடத்தக்கவை. மருத்துவர் இரண்டு வருடத்துக்கு மேல் ஆயுள் இல்லை என்று சான்று தரும் நோயாளிக்கு நகரம் முன்னுரிமை தருகிறது. அதைவிட வலுவானது, மாகாணத்தின் விசேட முன்னுரிமைத் திட்டம். வீட்டு வன்முறைக்கும் ஆட்கடத்தலுக்கும் ஆளானவர்களை இது பட்டியலின் உச்சிக்கு ஏற்றும்.

பெற்றோருக்கு இதில் பலர் அறியாத ஒன்று உண்டு. வன்முறை செய்பவர் கணவரோ மனைவியோ ஆகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை. உங்களைக் குடிவரவில் ஸ்பொன்சர் செய்தவரும் இந்த விதிக்குள் வருவார், அதாவது மகனும் மருமகளும் கூட. அடி மட்டும் வன்முறை அல்ல. பயமுறுத்துவதும், ஓய்வூதிய அட்டையைப் பறித்து வைப்பதும், வெளியே விடாமல் வைப்பதும் வன்முறையாகவே எடுத்துக்கொள்ளப்படும். அவர்களோடு இன்னும் ஒரே வீட்டில் இருக்கும்போதே விண்ணப்பிக்கலாம். பிரிந்து வந்திருந்தால் மூன்று மாதத்துக்குள் போடுவது விதி. தாமதமானால் காரணத்தை எழுதிக் கேட்கலாம். மருத்துவர், சமூகப் பணியாளர், பொலிஸ், சமயகுரு போன்ற ஒருவரின் எழுத்துச் சான்று தேவை. பொலிஸ் புகார் கட்டாயமில்லை. கடிதங்கள் பிள்ளையின் வீட்டு விலாசத்துக்குப் போகாதபடி வேறு பாதுகாப்பான தொடர்பு கொடுங்கள்.

வாடகைக் கணக்கு

சூத்திரம் எளிது. குடும்பத்தின் சரிசெய்த நிகர வருமானத்தில் 30 வீதம். அந்த நிகர வருமானம் நோட்டிஸ் ஒவ் அசெஸ்மென்ற்றின் 23600ஆம் வரியிலிருந்து வருகிறது. இங்கே அநேகர் ஏமாறுவார்கள். ஜிஐஎஸ்ஸுக்கு வரி இல்லை என்பதால் அது சேராது என்று நினைக்கிறார்கள். வரி இல்லை என்பது 25000ஆம் வரியில் கழிக்கப்படுவதால். 23600 அதற்கு முன்னாலேயே நிற்கிறது, ஆகவே ஜிஐஎஸ் முழுவதும் வாடகைக் கணக்கில் வரும்.

தனி ஆளின் 23600ஆம் வரி 21,600 டொலர் என்று வையுங்கள். 30 வீதம் 6,480. பன்னிரண்டால் வகுத்தால் மாதம் 540 டொலர். எந்தெந்தக் கட்டணங்கள், குறிப்பாக ஹைட்ரோ (மின்சாரம்), வாடகையில் அடங்குமோ அதற்கேற்பக் கொஞ்சம் கூடும் அல்லது குறையும். மிகக் குறைந்த வாடகை என்று ஒன்றும் உண்டு. 2020இல் மாதம் 129 டொலராக இருந்தது, பிறகு வருடாவருடம் கொஞ்சம் ஏறுகிறது. ஒன்ராறியோ வேர்க்ஸ் (சமூக உதவிப் பணம்), ஓடிஎஸ்பி (மாற்றுத்திறனாளிகளுக்கான உதவிப் பணம்) எடுப்பவர்களுக்கு அட்டவணை வேறு.

ஓய்வுகாலச் சேமிப்பான ஆர்ஆர்எஸ்பியிலிருந்து ஒரேயடியாக 10,000 டொலர் எடுத்து பேத்தியின் கல்யாணத்துக்குக் கொடுத்தால், அது அந்த வருட வருமானம். அடுத்த மீளாய்வில் வாடகை மாதம் 250 டொலர் ஏறும், ஜிஐஎஸ்ஸும் குறையும். எடுக்கத்தான் வேண்டுமென்றால் சில வருடங்களில் பிரித்து எடுங்கள்.

வருமான வரியை ஏப்ரல் 30க்கு முன் தாக்கல் செய்வது, வருமானம் பூச்சியம் என்றாலும் கட்டாயம். தாக்கல் இல்லையென்றால் ஜிஐஎஸ் ஜூலையில் நிற்கலாம், மானியத்துக்கான தகுதியும் கேள்விக்குறியாகும். சம்பாதிக்காத மனைவி தாக்கல் செய்யத் தேவையில்லை என்ற பழக்கத்தை விடுங்கள். சமூக நிலையங்களில் மார்ச், ஏப்ரலில் இலவச வரி முகாம்கள் நடக்கும்.

வரிசையில் நிற்கும் காலம்

காத்திருப்பு நீளம்தான். ஆனால் தகுதி உள்ளவர்கள் இடம் இழப்பது பெரும்பாலும் கோப்பு உறங்கிப் போவதால். வருடத்துக்கு ஒருமுறை விபரங்களைப் புதுப்பிக்கக் கேட்பார்கள். பதில் போகவில்லையென்றால் விண்ணப்பம் செயலற்றதாகிவிடும். மின்னஞ்சல் பெரும்பாலும் மகனுடையது, அவர் வேலை மாறி முகவரியை விட்டுவிட்டார் என்றால் அறிவித்தல் எங்கே போகும்? உங்கள் பெயரில் ஒரு மின்னஞ்சல் திறந்து, கடவுச்சொல்லை ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். தொலைபேசி எண் மாறிய அன்றே தளத்தில் மாற்றுங்கள். வீடு மாறினாலும், துணைவர் இறந்தாலும் அப்படியே.

காலியாகும் வீடுகள் தளத்தில் பட்டியலிடப்படும். விருப்பமான கட்டடத்துக்கு நீங்களே விருப்பம் தெரிவிக்க வேண்டும். வருடக்கணக்கில் பதிந்துவிட்டுத் தளத்தையே திறக்காதவர்கள் 'எனக்கு ஏன் கூப்பிடேல்ல' என்று கேட்கிறார்கள். அவர்கள் விருப்பம் தெரிவிக்கவே இல்லை. கோயிலுக்குக் கிட்ட, மகளுக்குக் கிட்ட என்று ஒரே கட்டடத்தைப் பிடித்துக்கொண்டால் வரிசை நகராது. ஸ்டூடியோவையும் ஒப்புக்கொள்பவருக்கு விரைவு அதிகம்.

இதோடு பக்கத்துப் பிராந்தியங்களிலும் தனித்தனியே பதியலாம். மார்க்கம் யோர்க் பிராந்தியத்தின் பட்டியலிலும், பிக்கறிங்கும் ஏஜாக்ஸும் டுறம் பட்டியலிலும், மிசிசாகாவும் பிரம்டனும் பீல் பட்டியலிலும் வரும். ஒன்ராறியோவில் இத்தகைய 47 நிர்வாகங்கள் இருக்கின்றன. ஒன்றில் பதிவது மற்றொன்றைப் பாதிக்காது.

கனடா-ஒன்ராறியோ ஹவுசிங் பெனிஃபிற் கிடைத்தால் அது தனியார் வாடகைக்கு மாதாந்த உதவி, ஆளோடு சேர்ந்து நகரும். ஆனால் அதை ஏற்றால் மானிய வீட்டு வரிசையிலிருந்து நீங்கச் சம்மதிக்க வேண்டும். எட்டு வருடம் நின்றவர் அதை ஏற்பதா என்பது உண்மையிலேயே யோசிக்க வேண்டியது. இரண்டு வருடம் நின்றவர் ஏற்றுக்கொள்வதே நல்லது. வாடகைப் பாக்கிக்கு நகரத்தின் றென்ற் பாங்க் ஒருமுறை உதவி தருகிறது.

காத்திருக்கும்போது பேஸ்மென்ற் எடுப்பவர்கள் இரண்டு விஷயம் பார்க்க வேண்டும். வீட்டுக்காரரோடோ அவருடைய பெற்றோர், பிள்ளைகளோடோ குசினியையோ குளியலறையையோ பகிர வேண்டிய ஏற்பாடென்றால், வாடகைதாரர் சட்டம் உங்களைப் பாதுகாக்காது. 2018 நவம்பர் 15க்குப் பிறகே முதன்முதலாக ஆட்கள் குடியேறிய வீடு என்றால், வாடகையின் வருடாந்த உயர்வு வரம்பும் பொருந்தாது.

அழைப்பு வந்ததும்

மாகாணம் முழுவதற்கும் பொதுவான விதி: முறையான ஓஃபர் ஒன்றை மறுத்தால் பட்டியலிலிருந்து பெயர் போய்விடும். அசாதாரணக் காரணம் இருந்தால் மட்டும் விலக்கு. மறுபடி விண்ணப்பிக்கலாம், ஆனால் புதிய திகதியில், வரிசையின் வாலில். ஆகவே ஒவ்வொரு அழைப்பிலும் முதலில் கேளுங்கள்: 'இது பார்க்க வரச் சொல்வதா, முறையான ஓஃபரா?' பதிலை மின்னஞ்சலில் அனுப்பச் சொல்லுங்கள்.

வீட்டைப் பார்க்கப் போகும்போது ஒரு அளவு நாடாவும் டோர்ச்சும் கொண்டு போங்கள். ஸ்டூடியோ என்றால் கட்டிலும் உணவு மேசையும் சேர்ந்து எங்கே நிற்கும் என்று அளவுங்கள். வோக்கர் பாவிப்பவர் என்றால் குளியலறைக் கதவு அகலம் முக்கியம். குளியல் தொட்டியின் விளிம்பு முழங்காலுக்கு மேலே இருக்கிறதா, கைப்பிடி இருக்கிறதா பாருங்கள். கைப்பிடி இல்லையென்றால் மருத்துவக் குறிப்போடு கேட்கலாம். குசினி அலுமாரியின் கதவு இணைப்புகளிலும் சிங்குக்குக் கீழேயும் கறுப்புப் பொட்டுகள் இருந்தால் கரப்பான். ஓவனுக்கு மேலுள்ள விசிறி வெளியே காற்றைத் தள்ளுகிறதா, இல்லை உள்ளேயே சுற்றுகிறதா என்று கை வைத்துப் பாருங்கள். உள்ளே சுற்றும் விசிறி என்றால் மீன் பொரிக்கும் நாளில் புகை மணி அலறும். யன்னலைத் திறந்து பாருங்கள். லிஃப்ற் எத்தனை, அருகில் பஸ் நிறுத்தம் பனிக்காலத்தில் எப்படி என்பதை அங்கே குடியிருக்கும் ஒருவரிடம் கேட்பதே நல்லது.

கையெழுத்திடும் முன் குத்தகைப் பத்திரத்தில் எந்தக் கட்டணம் உங்கள் பொறுப்பு, வாகனத் தரிப்பிடத்துக்கு எவ்வளவு, பொருள் காப்புறுதி தேவையா என்று பாருங்கள். பழைய குறைகளைப் படமெடுத்துத் திகதியோடு அனுப்பி வையுங்கள். பழைய வீட்டுக்கு முறைப்படி அறிவித்தல் கொடுக்க 60 நாள் தேவை. இரண்டு வாடகை கட்டும் நிலை வராமல் குடியேறும் திகதியைப் பேசுங்கள்.

குடியேறிய பின்

வருடாந்த மீளாய்வுப் படிவத்தைத் திகதிக்கு முன் கொடுங்கள். வருடத்தின் நடுவே வருமானம் 20 வீதமோ அதற்கு மேலோ விழுந்தால், அல்லது வீட்டில் யாராவது நிரந்தரமாகச் சேர்ந்தால், பிரிந்தால், உடனே அறிவியுங்கள். மற்றச் சின்ன மாற்றங்கள் அடுத்த மீளாய்வு வரை நிற்கும். மானியம் பற்றிய முடிவில் உடன்பாடில்லையென்றால், கடிதத்தில் உள்ள காலக்கெடுவுக்குள் மறுபரிசீலனை கேளுங்கள். அதை, வாடகைத் தகராறுகளைத் தீர்க்கும் லான்ட்லோர்ட் அன்ட் ரெனன்ற் போர்ட் தீர்மானிக்காது. பழுதுபார்ப்பு, வெளியேற்றல் அறிவித்தல் போன்றவைதான் அங்கே போகும்.

கட்டடத்தின் சீனியர்ஸ் சேர்விஸ் கோர்டினேற்றரைத் தெரிந்து வைத்திருங்கள். படிவங்களுக்கும், வீட்டுக்கு வரும் உதவியாளருக்கும், சாப்பாட்டு விநியோகத்துக்கும் அவரே முதல் கதவு.

ஊருக்குப் போகும் பயணத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். டிசம்பரில் போய் திருவிழா முடிந்து ஆகஸ்டில் வருவோம் என்று திட்டமிடுகிறவர்கள் இரண்டு கணக்கு வைத்திருக்க வேண்டும். மானிய வீட்டில் தொடர்ந்து எத்தனை நாள் இல்லாதிருக்கலாம் என்பதற்கு உள்ளூர் வரம்பு உண்டு. மாகாண விதிப்படி அது தொடர்ச்சியாக 60 நாளுக்கோ வருடத்தில் மொத்தம் 90 நாளுக்கோ குறையாமல் இருக்க வேண்டும். உங்கள் கட்டடத்துக்கு எது பொருந்தும் என்று டிக்கெற் எடுப்பதற்கு முன் எழுத்தில் கேளுங்கள். ஜிஐஎஸ்ஸோ, கனடாவை விட்டுப் போன மாதத்தையும் அதற்கடுத்த ஆறு மாதத்தையும் தாண்டினால் நின்றுவிடும். மருத்துவமனைக் காலம் வேறு விதமாகக் கணக்கிடப்படலாம், அதற்கான சான்றுகளை வைத்திருங்கள். போகும்போது ஒரு நம்பகமான ஆளிடம் தபாலைப் பார்க்கச் சொல்லி, தாங்கள் போவதையும் வருவதையும் அலுவலகத்துக்கு மின்னஞ்சலில் தெரிவித்துவிட்டுப் போங்கள்.